மணல் மூட்டைக்கு முதுகு கிடையாது

ஜூன் 3

ஷாக் அப்சர்பர், ஸ்பிரிங் பணிமனை உரிமையாளர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான் அக்காவாக எழுதவில்லை. வாடிக்கையாளராக எழுதுகிறேன். ஆகவே பதிலின் முதல் வரியிலேயே கோபம் போய்விட்டதா என்று கேட்டு இளிக்க வேண்டாம். போகவில்லை.

போனில் பேசினால் என்ன என்று தோன்றும். போனில் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். ஒரு வருடமாக அதுதான் நடக்கிறது. காகிதத்தில் அவ்வளவாகக் கத்த முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். என் வண்டியை உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிறவர்களை வீட்டில் கொண்டுபோய் விடும் வண்டி. டிரைவருக்குப் பக்கத்து சீட்டைச் சாய்த்து, மெத்தை போட்டு, ஆளைப் படுக்க வைத்து ஓட்டுகிறேன். நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, பிறந்தநாள் பரிசு என்று பேர் சொல்லி, நீங்கள் பந்தயக் காருக்கு மாட்டுகிற ஸ்பிரிங், ஷாக் செட்டை மாட்டி இரண்டு விரல் கீழே இறக்கி வைத்தீர்களே, அதே வண்டிதான்.

பரிசின் பலனைக் கேளுங்கள். போன வாரம் வயிற்றில் ஆபரேஷன் செய்த தையல்காரர் ஒருவரை ஏற்றி வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் துண்டைக் கடித்துக்கொண்டார். இறங்கும்போது சொன்னார்: "என் தையலைவிட டாக்டர் தையல் கெட்டிம்மா. இல்லேன்னா உன் வண்டியிலயே பிரிஞ்சிருக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தலைமை நர்ஸ் சிரிக்கவில்லை. "இன்னொரு புகார் வந்தா பக்கத்து ஊரு வேனைத்தான் கூப்பிடணும். நான் என்ன பண்ண?" என்று கேட்டார்.

அடுத்த மாதக் கடைசியில் டீச்சரம்மா டிஸ்சார்ஜ். ஆமாம், உங்களுக்கும் எனக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்து, உங்களுக்கு மட்டும் ஏறாமல் போன அதே டீச்சரம்மா. முதுகெலும்பில் ஆபரேஷன். வீடு மலைக்கு அந்தப் பக்கம். "அவ வண்டியில போறேன், இல்லேன்னா இங்கயே இருக்கேன்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டார். என்னை நம்பிச் சொன்ன வார்த்தை அது. அவரை இந்த வண்டியில் மலை ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை.

படுத்திருப்பவருக்கு வலிக்கக் கூடாது. வளைவில் வண்டி என் கைக்குள் நிற்கவும் வேண்டும். இதற்கு எதை மாட்டுவது? பூசி மெழுகாமல் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்


ஜூன் 9

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கோபம் போகவில்லை என்பதைப் பணிமனை குறித்துக்கொண்டது.

தாங்கள் கேட்பது எல்லாரும் கேட்பதுதான். மெத்தை மாதிரியும் இருக்க வேண்டும், வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொண்டும் போக வேண்டும். இரண்டும் ஒரே அளவில் கிடைக்காது. ஒன்றில் கொஞ்சம் விட்டால்தான் மற்றதில் கொஞ்சம் கிடைக்கும். ஸ்பிரிங் மெத்தென்று இருந்தால் பள்ளம் தெரியாது, ஆனால் வளைவில் வண்டி சாயும், பிரேக் போட்டால் வண்டியின் மூக்கு கீழே குத்தும். கெட்டியாக இருந்தால் வண்டி அப்படியே நிற்கும், ரோட்டில் கிடக்கும் பொத்தானைக்கூட இடுப்பு எண்ணும்.

இப்போதுள்ள செட்டைப் பற்றித் தாங்கள் எழுதியிருப்பது பாதிதான் நியாயம். அதை நான் கண்ணை மூடிக்கொண்டு மாட்டவில்லை. பக்கத்து சீட்டைச் சாய்த்து, ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கி, பெல்ட் போட்டு, மலையை ஏறி இறங்கிப் பார்த்துத்தான் முடுக்கினேன். எந்த வளைவிலும் மூட்டை இம்மிகூட நகரவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

எனவே மொத்தத்தையும் கழற்றி எறியத் தேவையில்லை என்பது பணிமனையின் கருத்து. ஒன்று மட்டும் கேட்கிறேன். டயரில் காற்று எவ்வளவு வைக்கிறீர்கள்? பெட்ரோல் மிச்சமாகும் என்று பழையபடி உருட்டுக்கட்டை மாதிரி அடித்து வைத்திருக்கிறீர்களா?

இப்படிக்கு,
பணிமனை


ஜூன் 14

பணிமனைக்கு,

மணல் மூட்டைக்கு முதுகு கிடையாது. தையலும் கிடையாது. வலித்தால் துண்டைக் கடிக்கவும் தெரியாது. மூட்டை நகரவில்லை என்று ஒரு மனிதன் மார்தட்டிக்கொள்வதை இப்போதுதான் பார்க்கிறேன்.

காற்று என் சொந்த விஷயம்.

உங்கள் ஆலோசனைக்கு நன்றி. இனி தேவைப்படாது. மார்க்கெட்டுக்குப் பின்னால் சிரிப்பு மெக்கானிக் இருக்கிறாரே, எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்று சிரிப்பாரே, அவரிடம் போனேன். "இருக்கறதுலயே மெத்துன்னு இருக்கற ஸ்பிரிங்கா போடுங்க" என்றேன். சிரித்தார், போட்டார். உங்கள் செட்டை ஒரு சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே தள்ளியிருக்கிறேன்.

வண்டி இப்போது வெண்ணெய். நேற்று கண் ஆபரேஷன் செய்த ஒருவரை நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். "கிளம்பலாமே" என்றார். வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகு!

ஆகவே நம் வியாபாரம் இத்துடன் முடிந்தது.

இப்படிக்கு,
முன்னாள் வாடிக்கையாளர்


ஜூன் 18

அக்கா,

வாடிக்கையாளர், பணிமனை எல்லாம் கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வண்டியை மலைக்கு ஓட்டிப் பார்த்தாயா?

நாலு தெருவில் எந்த வண்டியும் வெண்ணெய்தான். பின்பக்க மூலையில் இரண்டு கையையும் வைத்து அழுத்திவிட்டுப் பார். எழும்பி ஒரு தடவையில் அடங்கினால் சரி. மறுபடி மறுபடி தலையாட்டினால் அந்த வண்டியில் ஆளை ஏற்றாதே. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, அதற்குப் பொருத்தமில்லாத ஷாக்கை மாட்டியிருப்பார். ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும், அவ்வளவுதான். ஆட்டத்தை அடக்குவது ஷாக்.

என் மேல் உள்ள கோபத்தில் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிடாதே. கோபத்தை என்னிடம் வைத்துக்கொள். வண்டியிடம் வேண்டாம்.

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

அழுத்திப் பார்த்தேன். தலையாட்டியது. பெரிதாக என்ன வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். உன் பேச்சைக் கேட்டு மாற்றினேன் என்று ஆகிவிடக் கூடாதல்லவா.

செவ்வாய்க்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் ஒருவரைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. கால் ஆபரேஷன். முன்பு தபால் ஆபீசில் வேலை பார்த்தவர், எதற்கும் முகம் சுளிக்காத மனிதர். ஒரு பள்ளமும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வண்டி இந்தப் பக்கம் சாய்ந்து நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. ஆடி முடிக்காமலே மறுபடி ஆடுகிறது. பாதி மலையில் அவர் முகம் வெளுத்தது. "அம்மா, கொஞ்சம் ஓரமா..." என்று சொல்வதற்குள் வாந்தி. வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டார், பாவம். தப்பு அவருடையதா?

அவர் நர்ஸிடம் புகார் சொல்லமாட்டார். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது தூறல். வண்டி காலி. தண்ணீர்த் தொட்டி வளைவில் லேசாகத்தான் பிரேக்கைத் தொட்டேன். மூக்கு கீழே போனது, பின்பக்கம் என்னை விட்டுத் தனியாகக் கிளம்பியது. கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது. போன வருடம், அதே வளைவு, அதே மாதிரி மழை. அப்போது இந்த வண்டியின் ஷாக் எல்லாம் தேய்ந்து கிடந்தது. நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பின்பக்கம் வழுக்கிச் சுவரை உரசி நின்றோம். "ஒண்ணும் ஆகலடா" என்று சிரித்துக்கொண்டே கிளப்பினேன். வீடு வரும்வரை நீ டேஷ்போர்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அடுத்த மாதம்தான் அந்த செட்டை மாட்டினாய்.

உன் பந்தயக் கிறுக்குக்கு என் வண்டி பொம்மையாகிவிட்டது என்று தெருவில் நின்று கத்தினேன். நீயும் "எப்படி வளையுது பார், எப்படி வளையுது பார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

நீ அன்றைக்குப் பயந்தாயா?

அக்கா


ஜூலை 2

அக்கா,

ஆமாம்.

எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று இல்லை. அப்போது நான் வாரம் ஒரு நாள் ஊருக்கு வரும்போதுதான் அந்த வண்டியில் ஏறுவேன். நீ தினமும் ஏறுவாய். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்தி. நீ என்னவோ சிரித்துக்கொண்டு கியர் மாற்றுகிறாய். அதற்கப்புறம் மழை பெய்தால் எனக்குத் தூக்கம் வராது.

பயமாக இருக்கிறது என்று சொன்னால் நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். இருப்பதிலேயே கெட்டியானதை மாட்டினேன். வண்டி நகரக் கூடாது, நீ விழக் கூடாது, அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. பக்கத்தில் படுத்திருப்பவர் எனக்கு வெறும் எடையாகத்தான் தெரிந்தார். மூட்டைக்கு முதுகு கிடையாது என்று எழுதினாயே, பணிமனையில் சுண்ணாம்புக்கட்டியால் அதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் என்ன அர்த்தம் என்று கேட்கிறார்கள்.

இப்போது வேலையைப் பேசுவோம். நான் மாட்டியதும் வேண்டாம், சிரிப்பு மெக்கானிக் மாட்டியதும் வேண்டாம். முதலில் வண்டியின் உயரத்தைப் பழையபடி ஆக்க வேண்டும். நான் இரண்டு விரல் இறக்கியதால் சக்கரம் மேலே வர இடம் இல்லாமல், பெரிய பள்ளத்தில் அடியில் இருக்கும் ரப்பர் கட்டையில் போய் முட்டியது. தையல்காரரை இடித்தது பாதி அதுதான். ஸ்பிரிங், வண்டியோடு வந்ததைவிடக் கொஞ்சமே கொஞ்சம் கெட்டி. அதற்கு மேல் போகக் கூடாது. பணத்தையும் கவனத்தையும் போட வேண்டியது ஷாக்கில். சக்கரம் மேட்டில் ஏறும்போது அது விட்டுக்கொடுக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் எழும்பும்போது பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டையும் தனித்தனியாகத் திருகி வைக்கிற மாதிரி ஒரு செட் இருக்கிறது. அதைத்தான் உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். டயர் இப்போதுள்ள தடிமனே இருக்கட்டும். காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் போட்டிருக்கிற அளவுக்குக் குறை. அது உன் சொந்த விஷயம் இல்லை.

ஒரே சிக்கல், திருகை எங்கே நிறுத்துவது என்பது. அதை மீட்டர் சொல்லாது, மூட்டையும் சொல்லாது. டீச்சரம்மா படுக்கப்போகிற இடத்தில் ஓர் ஆள் படுக்க வேண்டும். எங்கே இடிக்கிறது, எங்கே தலை சுற்றுகிறது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் நீ ஒரு நாளாவது அந்த சீட்டில் படுத்திருக்கிறாயா? நான் படுக்கலாம். ஆனால் எனக்கு எல்லாமே சுகமாகத்தான் இருக்கும், நான் பந்தய வண்டிகளில் பழகியவன். உன் முதுகு நீ ஏற்றுகிறவர்களின் முதுகை அறியும்.

அப்படியென்றால் வேறொருவர் ஓட்ட வேண்டும். நீயோ யாருக்கும் சாவி தரமாட்டாய். என்னிடம் இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டாய்.

யோசித்து எழுது.

தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

யோசித்தேன். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பேன் என்று நினைத்தாயா? சிரித்திருப்பேன்தான். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதும் இருப்பேன். அது உனக்குத் தெரியாது, நான் காட்டிக்கொண்டதில்லை. உன்னை மட்டும் சொல்லி என்ன பயன்.

நிபந்தனைகள் வருமாறு. ஞாயிற்றுக்கிழமை வா. பகலில் மாட்டு. சாவியைக் கையில் தரமாட்டேன், ஆணியில் தொங்கும், நீயே எடுத்துக்கொள். ஓட்டும்போது பிரசங்கம் கூடாது. நான் "நிறுத்து" என்றால் நிறுத்து. நான் குறை சொன்னால் "அப்படி இருக்காதே" என்று சொல்லக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் எனக்குக் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட முன்சீட்டுக் கம்பியை விடமாட்டேன், உனக்கே தெரியும். மலை முழுக்க நான் உன்னைத் திட்டிக்கொண்டுதான் வருவேன். பொறுத்துக்கொள்.

மெத்தை விரிப்பு துவைத்துப் போட்டிருக்கிறேன். நீ வரும்போது உன் துண்டை எடுத்து வா. போன தடவை என் நல்ல துண்டில் கிரீஸைத் துடைத்தாய்.

அக்கா


ஜூலை 17

அக்கா,

ஊர் வந்து சேர்ந்தேன். நான் கிளம்பும்போது கேட்டாய் அல்லவா, திருகை எந்த அளவில் நிறுத்தினாய் என்று. அங்கேயே சொல்லியிருப்பேன். வாயெடுப்பதற்குள் நீ பேச்சை மாற்றிவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

முதல் ஏற்றத்தில் "இடுப்புல இடிக்குதுடா" என்றாய். இறங்கி, மேடு ஏறும்போது விட்டுக்கொடுக்கிற திருகைத் தளர்த்தினேன். இரண்டாவது தடவை "கப்பல்ல போற மாதிரி இருக்கு, எனக்கே உமட்டுது" என்றாய். எழும்புகிறதைப் பிடிக்கிற திருகைக் கொஞ்சம் முடுக்கினேன். மூன்றாவது தடவை இடுப்பு சரி, தலை சரி, "குதிகால்ல மட்டும் நடுங்குது" என்றாய். அது ஷாக் இல்லை, காற்று. நான் சொன்ன பிறகும் நீ முழுதாகக் குறைக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு இறக்கினேன்.

நான்காவது ஏற்றத்தில் தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை, நீ எப்படிப் போவாயோ அப்படியே போனேன். "இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன். பதில் இல்லை. கோபமாக்கும் என்று நினைத்து வளைவு தாண்டித் திரும்பிப் பார்த்தேன்.

நீ தூங்கிக்கொண்டிருந்தாய். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை மெத்தையில் சும்மா கிடந்தது, எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

அதற்கு மேல் நான் திருகைத் தொடவில்லை. எழுப்பவும் மனம் வரவில்லை. மலையை முழுக்க ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, டீச்சரம்மா வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன். வீட்டு முன்னால் நிறுத்திய பிறகுதான் விழித்தாய். "கண்ணை மூடி யோசிச்சிட்டு இருந்தேன்" என்றாய். சரி, யோசித்தாய்.

அந்த அளவுதான் அளவு. நாலு சக்கரத்திலும் திருகுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் தொட விடாதே. சிரிப்பு மெக்கானிக் சிரித்தாலும் விடாதே.

டீச்சரம்மாவைக் கூட்டிப் போனதும் இரண்டு வரி எழுது. காத்திருப்பேன்.

தம்பி


ஜூலை 30

என் தம்பிக்கு,

நேற்று டீச்சரம்மாவைக் கொண்டுபோய் வீட்டில் விட்டேன்.

தலைமை நர்ஸும் கூடவே வந்து படுக்க வைத்தார். பெல்ட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "பார்த்தும்மா" என்று என்னிடம் சொல்லிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். டீச்சரம்மா வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்தார். நான் ஹார்ன் அதிகம் அடிக்கிறேனாம். கண்ணாடி துடைக்கவில்லையாம். உன்னைப் பற்றிக் கேட்டார். பணிமனை வைத்திருக்கிறாய் என்றேன். "கூட்டலே வராதவன் கடை வெச்சிருக்கானா?" என்று ஆச்சரியப்பட்டார். முதுகைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கப் பயம்.

மலையில் கொஞ்சதூரம் ஏறிய பிறகு பேச்சு நின்றது. போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அந்தத் தண்ணித் தொட்டி வளைவு எப்ப வரும்மா? வந்தா முன்னாலயே சொல்லிடு. அங்கதான் எப்பவும் தூக்கிப் போடும். பல்லைக் கடிச்சுக்கறேன்."

"தாண்டிட்டோம் டீச்சர்" என்றேன்.

மெல்லப் போர்வையை விட்டார். பின்சீட்டிலிருந்து நர்ஸ் கையை நீட்டி என் தோளை ஒரு தட்டுத் தட்டினார். வேன் பேச்சு இனி வராது என்று நினைக்கிறேன். வந்தாலும் வரட்டும், நேற்று எனக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. ரோடு கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

இன்னொரு விஷயம். நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. தூங்கத்தான் செய்தேன். அப்பா ஓட்டும்போது பின்சீட்டில் நாம் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தூங்குவோமே, அதற்குப் பிறகு அடுத்தவர் ஓட்டி நான் தூங்கியது அன்றைக்குத்தான். அதற்குக் காரணம் ஷாக் என்று நீ பணிமனையில் பெருமை பேசிக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஷாக் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மாடிப்படிக்குக் கீழே உன் பழைய செட் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. யாரோ வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள், கொடுக்கவில்லை. நீயே வந்து எடு. வெள்ளைப் பெயின்ட் அப்படியே இருக்கிறது, யாரும் தொடவில்லை. ஆனாலும் மாதம் ஒரு தடவை நீ வந்து மலை ஏற்றி இறக்கிப் பார்ப்பது நல்லது. நான் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாதே, பேசாமல் எடுத்துக்கொண்டு போ.

எப்படி எடுப்பது என்று கேட்காதே. இந்தக் கவர் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று தபால்காரரே கேட்டிருப்பார். அடியில் தடவிப் பார், துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உன்னிடமிருந்து பிடுங்கினேனே, அதே சாவிதான்.

அக்கா